வாய் இல்லாத பிள்ளைகள்

நான் உண்டாக்கிய உலகத்தில் தாய்களுக்கு மார்பு கிடையாது. பிள்ளைகளுக்கு வாய் கிடையாது. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் முடிவு செய்தேன், கல்வராயன் மலையில் ஓர் ஏழாம் வகுப்பறையில், கையில் சாக்கட்டியோடு. அப்போது எனக்கு ஆறு மாதம்.

தாவரவியல் படித்துவிட்டு அந்த மலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிப்பார்கள். நாங்கள் சிலர் மட்டும் கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலை வண்டியில் ஏறி, சாயங்கால வண்டியில் இறங்குவோம். அன்று மகரந்தச் சேர்க்கைப் பாடம். கரும்பலகையில் செம்பருத்தியை வரைந்து, வண்டை வரைந்து முடித்தபோது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சர், மரத்துக்குக் கால் இருந்தா வண்டு எதுக்கு? அதுவே போயி பாத்துட்டு வந்துரும் இல்ல?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதட்டி உட்கார வைத்திருக்கலாம். வைத்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது என்று சில நாள் தோன்றும். ஒரு கேள்வியின் மேல் பழி போடுவது சுலபம் என்பதால் அப்படித் தோன்றுகிறது என்று வேறு சில நாள் தோன்றும்.

வேறொரு கோளில் அப்படி ஓர் இனம் இருந்தால் எப்படிப் பெருகும் என்று சேர்ந்தே யோசித்தோம். பேர் வைத்தவர்கள் பிள்ளைகள்தான்: நடைச்செடி. எல்லாமே நடந்தால் அது செடியில்லை, ஆடு மாடு என்றேன். ஆகவே பெரியவர்கள் நகர மாட்டார்கள் என்று ஆனது. ஒரே இடத்தில் நூறு மழைக்காலம் நிற்பார்கள். நடப்பது பிள்ளைகள் மட்டும்.

அந்த உலகத்தில் காற்று வீசாது, வண்டு கிடையாது. பெரியவர்களின் தோளில் பூக்கும். ஊர் சுற்றும் பிள்ளைகள் நிழலுக்கு ஒதுங்கும்போது பூந்தூள் அவர்கள் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நிழலில் ஒதுங்கும்போது அங்கே உதிரும். பிள்ளைகளால்தான் பிள்ளைகள் உண்டாகும். யாருடைய தூள் யாரிடம் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு நான் இதையெல்லாம் எழுதிவைத்ததைத் தலைமையாசிரியர் படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு டீச்சர், அங்க சாதிச் சான்றிதழுக்கு அலைய வேணாம்" என்றார்.

சூல் கொண்ட தாய், தன் உடம்பில் இருக்கிற மாவையெல்லாம் விதைக்குள் இறக்குவாள். அவரைக்கொட்டையைப் பிளந்தால் இரண்டு பருப்பு இருக்கிறதே, அதுபோல. அதுதான் பிள்ளைக்குக் கட்டுச்சோறு. பிள்ளை அதை உடம்புக்குள்ளேயே சுமந்துகொண்டு தாயின் தோளிலிருந்து இறங்கி நடக்கும். சோறு உள்ளேயே இருப்பதால் வாய் வேண்டாம். வாய் இல்லாததால் அழுகையும் இல்லை. எங்கே சோறு தீர்கிறதோ அங்கே கால் மண்ணில் இறங்கி வேராகும். தாய் எவ்வளவு கட்டிக்கொடுத்தாளோ அவ்வளவு தூரம் பிள்ளை போகும். திரும்பி வராது.

"பாறை மேல நிக்கறப்ப தீந்துட்டா டீச்சர்?" என்று அதே பெண் கேட்டாள்.

"நல்ல தாயா இருந்தா பாறையத் தாண்டுற அளவுக்குக் கட்டிக் குடுத்திருப்பா" என்றேன்.

வயிற்றில் ஆறு மாதத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

*

பிரசவ விடுப்பு முடிந்து, மேற்கொண்டு எடுத்த சம்பளமில்லா விடுப்பும் முடிந்து பள்ளிக்குப் போனபோது குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தது. தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் பயந்தவர். "பச்சப் புள்ளைய வெச்சிக்கினு மலைக்கு வந்து போவ முடியுமா டீச்சர்? நாளைக்கு லீவு, நாளன்னிக்கு லீவுன்னா நான் மேல இன்னா பதில் சொல்றது?" என்றார்.

"பால் மறந்துட்டா சார். இப்ப டின் பால்தான்" என்றேன்.

பொய். டின் பாலை அவள் வாயிலேயே வைக்க மாட்டாள். விடியற்காலை வண்டிக்கு முன்னால் என்னிடம் குடிப்பாள். மத்தியானம் மாமியார் பசும்பாலைப் பாலாடையில் புகட்டுவார். பாதி கழுத்தில் வழியும். சாயங்காலம் நான் படி ஏறும்போதே என் குரல் கேட்டுத் துள்ளுவாள். பள்ளியில் மத்தியான இடைவேளையில் விடுதிக் குளியலறைக்குப் பின்னால் போய், ஒரு கொய்யா மரத்தடியில் யாருக்கும் தெரியாமல் பாலைப் பீய்ச்சிவிட்டு வருவேன். பொய்யைக் காப்பாற்றத் தினமும் அந்த வேலை.

நான் விடுப்பில் இருந்தபோது பிள்ளைகள் நடைச்செடியை மறக்கவில்லை. புரட்டாசியில் பள்ளிக் கண்காட்சி. ஓர் அதிகாரி வருகிறார். நடைச்செடியை அரைமணி நேர நாடகமாகப் போடலாம் என்று அவர்களே தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அவருக்கு ஒரே கவலை. "அந்தப் பூந்தூள் ஒட்டறது... மேடையில காட்டணுமா டீச்சர்?" மஞ்சள் பொடிதான் சார் என்றேன். மூன்று வாரம் ஒத்திகை. எனக்கும் அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்வதென்றால் மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் நான் மருமகள், அம்மா. மலையில் ஓர் உலகத்தையே எழுதியவள்.

கண்காட்சிக்கு முன் நாள் சாயங்காலம். இட ஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து சாலை மறியல் என்று ஒரு மாதமாகவே ஊரில் பேச்சு. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டை போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. கேட்கிறவர்கள் எங்கள் ஆட்கள். என் கொழுந்தன் அதில் முன்னால் நிற்பவன். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கென்று தனியாகப் பங்கு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நான் படித்த கல்லூரி வகுப்பில் எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து போனவள் நான் ஒருத்திதான். அது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மாமியார் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டார். "நாளைக்கு ரோட்ட மறிக்கிறாங்களாமே. நீ இன்னாத்துக்குப் போற?"

"நாளைக்குத்தான் கண்காட்சி அத்தே. மலைப் பக்கம்லாம் மறியல் இருக்காது."

கொழுந்தன் வாசலில் கோடாலிக்குப் புதுக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். "காலையில வண்டி போவும் அண்ணி. திரும்பி வர்றதுதான் டவுட்டு" என்று சிரித்தான்.

என் கணவர் சிரிக்கவில்லை. "ஒரு நாள் லீவு போட்டாத்தான் இன்னா?"

"என் நாடகங்க."

"செடி புள்ள பெக்கற கதைதானே? இங்க ஒண்ணு பெத்துப் போட்டிருக்கியே, அதப் பாரு மொதல்ல."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போகாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அன்று இரவு முழுக்க, போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். காலையில் போனேன்.

குழந்தை ஒரு பக்கம் மட்டும் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். எழுப்பி மறுபக்கம் கொடுத்திருக்கலாம். வண்டிக்கு நேரமாகிவிட்டது. மெல்லச் சுண்டு விரலை அவள் உதட்டோரம் விட்டு மாரை விடுவித்துக்கொண்டு கிளம்பினேன். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில், தலைமையாசிரியர் சொன்னபடி அதிகாரிக்கும் மேடைக்குமாகப் பத்து முழம் மல்லிப்பூ வாங்கி, வாழையிலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி மடியில் வைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை அந்த ஈரம் புடவையில் இறங்கிக்கொண்டே இருந்தது.

*

அதிகாரி வரவில்லை. பதினோரு மணிக்குத் தொடங்க வேண்டியதை இரண்டு மணி வரை நிறுத்திவைத்தோம். பிறகு தலைமையாசிரியரும் நாலு ஆசிரியர்களும் விடுதிச் சமையலம்மாவும் பார்க்க நாடகம் நடந்தது. கடைசி வரிசைப் பெண்தான் தாய்ச்செடி. இடுப்பளவு சாக்கு வேர், தோளில் காகிதப் பூ. சின்னப் பிள்ளைகள் வாய் வரையாத அட்டை முகமூடி மாட்டிக்கொண்டு, முதுகில் மஞ்சள் தூளோடு, ஒருவர் பின் ஒருவராக அவளை விட்டு நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

சாயங்கால வண்டி வரவில்லை.

கீழிருந்து நடந்து ஏறிவந்த ஒருவர் சொன்னார்: கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள், கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒரு வண்டி ஓடவில்லை, எத்தனை நாள் என்று தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்தால் எங்கள் ஊர் முப்பது மைலுக்கு மேல். நடக்கிறேன் என்றேன். "தனியா ஒரு பொம்பள எப்படி டீச்சர் காட்டு வழியில? உங்க வூட்டுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்றார் தலைமையாசிரியர். "கொழந்தைதான் டின் பால் குடிக்குதே. மாமியார் பாத்துக்குவாங்க, நிம்மதியா இருங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இல்லை சார், அவள் என்னிடம்தான் குடிக்கிறாள் என்று ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் துணைக்கு யாரையாவது அனுப்பியிருப்பார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் மார் இரண்டும் கல்லாகிவிட்டன. கொய்யா மரத்தடியில் பீய்ச்சப் போனால் கை வைக்க முடியவில்லை. குழந்தை அழுகிற நேரங்களில், அவள் இங்கே இல்லாவிட்டாலும், தானாக வழிந்து ரவிக்கை நனைந்தது. புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடினேன். மூன்றாம் நாள் காய்ச்சல். விடுதி அறையில் பாயில் சுருண்டு கிடந்தேன். சமையலம்மா கஞ்சி கொண்டுவந்தவர் முகர்ந்து பார்த்தார். பால் வாடையை ஒரு பொம்பளையிடம் மறைக்க முடியாது.

"டீச்சரம்மா, பால் கட்டிக்கிச்சா?"

"ஆமாம்மா."

"கொழந்த மறந்து எத்தினி நாளாச்சு?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமாவா இப்பிடிச் சொரக்குது? அடி ஆத்தே. எந்த மவராசியும் ஒரு வார்த்த சொல்லலியா ஒனக்கு? மல்லிப்பூவ வெச்சிக் கட்டுனா ரெண்டே நாள்ல அமுங்கிடும். அதான் அன்னிக்குக் கொண்டாந்த பூ பானை பக்கத்துல ஈரத்துல கெடக்குதே, அந்த ஆபீசரு வெச்சிக்காத பூ."

எனக்குச் சிரிப்பு வந்தது. பூவுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? பூ என்பது செடியின் இனப்பெருக்க உறுப்பு, வாசனை வண்டுக்கு. இதைத்தான் வருடம் முழுக்கக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். கட்டினால் ஒன்றும் ஆகாது. வேண்டாம் என்றால் ஏன் என்பார். ஏன் என்றால் பொய் வெளியே வரும். ஒன்றும் ஆகாத காரியத்தைச் செய்துகொள்வதில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்தேன். அதோடு வலி. அந்தக் குளிர்ச்சி பட்டபோது என்னை அறியாமல், அப்பாடா என்றேன்.

பழைய வேட்டித் துணியை அகலமாகக் கிழித்து, உள்ளே பூச்சரத்தைப் பரப்பி, முதுகுக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். தாய்க்குத் தாயாக இருந்து செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை, நான் சொன்னதை நம்பிச் செய்தார். மறுநாளும் மிச்சப் பூவை மாற்றிக் கட்டினார். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. மார் லேசாக இருந்தது. அந்த லேசில் நான் சந்தோஷப்பட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

*

அன்று மலை ரோட்டில் மரங்களை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு ஜீப் கச்சிராயபாளையம் வரை கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து நடையும், தெரிந்தவர் ஒருவரின் சைக்கிளுமாகக் கள்ளக்குறிச்சி. அதைத் தாண்டி மறுபடி நடை. கிழக்கு ரோட்டில் இன்னும் மரங்கள் கிடந்தன. எல்லாம் புளி. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். கிளையெல்லாம் பச்சைக் காய். ஓட்டுக்குள் விதை இன்னும் பால் பருவத்தில் இருக்கும் காய். ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கினேன்.

எங்கள் ஊர் முனையில் கடைசி மரம். அதன் மேல் என் கொழுந்தன் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தான். பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்தான்.

"பாத்து வாங்க அண்ணி, வழுக்கும்."

"நீங்க வெட்டுனதா?"

"நாங்கதான். இன்னா அண்ணி அப்பிடிப் பாக்கறீங்க? ஒங்க பொண்ணுக்காவத்தான் வெட்டுனோம். நாளைக்கு அவ டாக்டருக்குப் படிக்க சீட்டு வேணாமா?"

அவன் கையைப் பிடித்து மரத்திலிருந்து இறங்கினேன். அவன் பொய் சொல்லவில்லை. என்னைவிட அவன் உண்மையாகத்தான் இருந்தான்.

வீட்டில் மாடு சினை, கறவை இல்லை. பால் கொண்டுவருகிற சைக்கிள்காரர் ஐந்து நாளாக வரவில்லை. அரிசிக் கஞ்சித் தெளிவும் சர்க்கரைத் தண்ணீருமாக மாமியார் ஓட்டியிருந்தார். இரண்டு நாளாகப் பேதி. குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. என் குரல் கேட்டதும் துள்ளவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வாங்கி, கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து மாரில் போட்டேன்.

பிடித்தாள். உறிஞ்சினாள். விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவும் பிடித்தாள். மறுபக்கம் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். விரலால் அழுத்தினேன். இரண்டு சொட்டு வந்தது.

அப்போது ரவிக்கைக்குள்ளிருந்து பழுப்பாகக் காய்ந்த ஒரு மல்லி, குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. மாமியார் அதை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"பூ அத்தே."

"யாரு கட்டுனது?"

"சமையலம்மா. காய்ச்சல் அத்தே, கை வைக்க முடியல. பூவால இன்னா ஆவப்போவுதுன்னு..."

"யாருக்கு மாருல பூ வெச்சிக் கட்டுவாங்கன்னு தெரியுமா ஒனக்கு? புள்ளைய மறக்கடிக்கிறவளுக்குக் கட்டுவாங்க. புள்ள செத்தவளுக்குக் கட்டுவாங்க. நீ இதுல எதுல சேத்தி, சொல்லு. காலேஜில இத்தச் சொல்லிக் குடுக்கலியா?"

என் கணவர் சர்க்கரைத் தண்ணீர் கலக்க உள்ளே போனார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

பூண்டு உரித்து நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுத்தார் மாமியார். மறியல் முடிந்ததும் பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்தார். முருங்கைக்கீரை, பச்சைப் பப்பாளிக் கூட்டு. திட்டிக்கொண்டே செய்தார், ஆனால் ஒரு வேளை தவறவில்லை. குழந்தைக்குப் பேதி நின்றது. நான் ஒரு மணிக்கொருமுறை அவளை எடுத்துப் போட்டேன். முதலில் அழுதாள். பிறகு சலிப்போடு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விடுவாள். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, நான் எடுத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு மாமியார் கையிலிருந்த பாலாடையைப் பார்த்தாள். அழவில்லை. அழாததைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது, அவள் பால் மறந்துவிட்டாள்.

பூவினாலா, ஐந்து நாள் பிரிவினாலா, காய்ச்சலாலா? இன்றுவரை தெரியாது. பூவினால் இல்லை என்று சில நாள் என் படிப்பு சொல்கிறது. பூவினால் இல்லையென்றால் நான் போனதால் என்று ஆகிறது. அதற்குப் பூவே மேல்.

*

மறுவருடம், முன்பு வராமல்போன அந்த அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அதே நாடகத்தைப் போடலாம் என்றார் தலைமையாசிரியர். நான் முகமூடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தால் வாய் வரைந்தேன்.

"செடிக்கு வாய் எதுக்கு டீச்சர்?" என்றார் அவர். இருக்கட்டும் சார் என்றேன்.

ஒத்திகை நகரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். "வாய் இருந்தா பசிக்கும் டீச்சர். பசிச்சா கொஞ்ச தூரம் போயிட்டு அம்மா கிட்டயே திரும்பி வந்துருவாங்க. எல்லாரும் அவ நெழல்லயே நின்னா ஒண்ணுகூட மொளைக்காதே."

"மொளைக்காது."

"அப்ப நாடகம்?"

அந்த வருடம் கும்மி ஆடினார்கள்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. எங்களுக்குத் தனிப் பங்கு வந்துவிட்டது. பள்ளியில் சேர்த்த அன்று படிவத்தில் சாதிப் பிரிவு என்ற கட்டத்தை நிரப்பியபோது கொழுந்தன் கூடவே நின்று, "சொன்னேன்ல அண்ணி" என்றான். சொன்னான்தான். அவள் நன்றாகப் படிக்கிறாள். தூங்க மாமியாரிடம் போகிறாள். காய்ச்சல் வந்தாலும் அங்கேதான். என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பாள், மரியாதையாக.

காலையில் அவளுக்குச் சோறு கட்டுவது மட்டும் என் வேலை. டப்பா மூடாத அளவுக்கு அழுத்திக் கட்டுகிறேன். "ஏன்டி இவ்ளோ வெக்கிற? தெனமும் பாதி திரும்பி வருது" என்கிறார் மாமியார். சாயங்காலம் அந்தப் பாதியைக் கழுநீர்ப் பானையில் கொட்டுகிறேன். மாடு குடிக்கிறது. மறுநாளும் அதே அளவு கட்டுகிறேன்.